பழைய ஷெவர்லே பிக்அப்: ஃப்யூயல் பம்பைக் கண்டறிந்து மாற்றுவது எப்படி

மேடு ஏறும்போது வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டால், பம்ப் போச்சு என்று உடனே புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பம்ப் நன்றாகவே இருக்க, அதன் கண்ணாடிக் கிண்ணத்தில் துருத்தூள் அடைத்துக்கொண்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குற்றம் பம்பில்தானா என்று உறுதி செய்வதுதான் முக்கால்வாசி வேலை. நான் இங்கே எடுத்துக்கொள்வது 1950களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே 3100, அதன் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்.

பம்ப் எங்கே இருக்கிறது?

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எஞ்சினின் வலப்பக்கம், பிளாக்கின் கீழ்ப்பகுதியில், இரண்டு போல்ட்டில் நிற்கும். கரண்ட் கிடையாது, உள்ளே கேம்ஷாஃப்ட் (கேம் என்னும் மேடுகள் உள்ள தண்டு) சுழலும்போது பம்பின் கையைத் தள்ளும், கை டயாஃப்ரத்தை (பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் வளையும் சவ்வை) இழுக்கும், அவ்வளவுதான். இரண்டு குழாய் வந்தால் சாதாரணப் பம்ப். நான்கு குழாய் வந்தால் வைப்பரை ஓட்ட வேக்குவமும் (காற்றை உறிஞ்சும் விசை) தரும் இரட்டைப் பம்ப். இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

சோதனை

முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை) உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்றே சந்தேகப்படுங்கள். ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது, பேரிங் தேய்ந்துவிடும். பம்பின் உடம்பிலுள்ள சிறு துளையில் பெட்ரோல் கசிந்தாலும் டயாஃப்ரம்தான் காரணம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கிறது.

வாடை இல்லையா? கிண்ணத்தைக் கழுவிப் பாருங்கள். அப்புறம் கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடியுங்கள். காலால் மிதிக்கும் செல்ஃப் என்றால் சாவி ஆஃபில் இருக்கும்போதே மிதிக்கலாம். பெட்ரோல் விட்டு விட்டுப் பலமாகப் பீச்ச வேண்டும். சும்மா வழிவது கணக்கில்லை: டேங்க் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால், பம்பைவிட உயரத்தில் இருப்பதால் அது தானாகவே வரும்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிய கையோடு அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டேங்க் முழுவதும் தரையில் கொட்டும். நட்டுக்கு ஒரு ஸ்பானர், பம்ப் பக்கம் தாங்க இன்னொன்று. ஒரே ஸ்பானரால் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்துங்கள், ஸ்பிரிங் பம்பை வெளியே தள்ளும். கழற்றியதும் பம்பின் கை நுனியைக் கவனியுங்கள்: கேம் உரசிய இடம் கண்ணாடிபோல் மின்னும். புதுப் பம்பின் கையும் அதே நீளம், அதே வளைவு இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் மாட்டாதீர்கள்.

பிளாக்கில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துளையில் துணி வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பேக்கிங் வைத்து, பம்பை அழுத்திப் பிடித்து, போல்ட்டை விரலால் ஏற்றுங்கள். ஸ்பிரிங் ரொம்ப எதிர்த்தால் போல்ட்டால் இழுக்க வேண்டாம். கேம் மேடு தள்ளிக்கொண்டிருக்கிறது. டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள். பிறகு போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். குழாய் நட்டுகளும் முதலில் விரலால்தான். ரப்பர் ஹோஸ் இருந்தால் எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போடுங்கள்.

கடைசியாக, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் இன்னொரு முறை ஒற்றுங்கள்.

பழைய பம்பை எறிய வேண்டாம். டயாஃப்ரம், வால்வு அடங்கிய கிட் கிடைக்கிறது. உடம்பில் விரிசல் இல்லையென்றால் அதையே புதுப்பிக்கலாம்.