மனையில் பனை நிற்கிறதா? வெட்டும் முன் கவனியுங்கள்

எங்கள் ஊர் எல்லையில் பனங்காடாகக் கிடந்த இடமெல்லாம் மனைகளாகி, கல் ஊன்றிவிட்டார்கள். மனை வாங்கியவர் முதல் வேலையாக ஜேசிபி பேசுகிறார். தவறு அங்கிருந்தே தொடங்குகிறது.

"பட்டா என் பேரில் இருக்கு, மரமும் என்னுதுதானே" என்பார்கள். மரம் உங்களுடையதுதான், ஆனால் நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1978 முதல் பனை நம் மாநில மரம். அந்தப் பெருமை மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. லோடு லோடாகச் செங்கல் சூளைக்குப் போனது. 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான், வேறு வழியே இல்லாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது.

அடுத்தது, வாய்ச்சொல்லை நம்புவது. "நான் பாத்துக்கறேன் அண்ணாச்சி, எல்லாம் பேசியாச்சு" என்று மர வியாபாரி சொல்வார். புகார் வரும் நாளில் அவர் வண்டி ஊரில் இருக்காது, மனைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை அரிவாள்கூட மரத்தில் படக் கூடாது.

"வெட்டல, தலையை மட்டும் கழிக்கிறோம்" என்பது இன்னொன்று. வேம்பையும் புங்கையும் கழித்தால் துளிர்க்கும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று. காய்ந்த மட்டையை எடுக்கலாம், பச்சைக் குருத்தில் கை வைக்கக் கூடாது.

எனக்கு மனசு ஆறாதது தீ வைப்பதுதான். போன பங்குனியில் பக்கத்து மனையில் ஒரு பனையைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் குப்பையைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குக் கரி. ஒரு பக்கம் வைரம் பாய்ந்த வெளிப்பகுதி வெறும் ஓடாக நிற்க, உள்ளே மெத்தென்ற சோற்றுப் பகுதி கருகிப் பொந்தாகிவிட்டது. மேலே அப்போதும் பாளை விட்டிருந்தது. "மரம் தானா பட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொள்ளச் செய்யும் வேலை இது. பார்ப்பவர் எவருக்கும் கரித்தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும் என்ற பயமும் வீண். ஆல், அரசு வேர்போல் பனைவேர் பெருத்துக்கொண்டே போவதில்லை; கயிறு கயிறாக அதே கனத்தில்தான் ஓடும். மட்டையும் பழமும் விழும் என்பதுதான் நியாயமான கவலை. அதற்கு மரத்தடியில் கார் ஷெட் போடாமல் தள்ளிப் போட்டாலே போதும். பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் மரம் நிற்கும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள்.

பனையோடு முடியவில்லை. பறவை போட்ட விதையில் தோட்டத்தில் தானாக முளைத்த சந்தனமும், சொந்த இடமே ஆனாலும், வனத்துறை வழியாகத்தான் வெட்டப்பட வேண்டும். பட்டா நிலச் சந்தனத்துக்கென்றே 2008-இல் விதிகள் வந்தன. வாசலை மறைக்கும் சாலையோர மரம் அரசு மரம். அதை வெட்டலாமா என்று முடிவு செய்ய மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது.

கடைசியாக வடலி, அதாவது இளம் பனை. இடுப்பளவு ஓலை மட்டும் தெரிவதால் புதர் என்று நினைத்து ஜேசிபி வாரிவிடுகிறது. மண்ணுக்கு மேல் தண்டு காட்டவே பனைக்குப் பல வருடங்கள் ஆகும். மனையைச் சுத்தம் செய்யும் அன்று காலையிலேயே போய், ஒவ்வொரு வடலியைச் சுற்றியும் நான்கு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வண்டி ஓட்டுபவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.