பேக்கப் டிஸ்க்கைச் சொருகும் முன்: வைரஸ் நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைத் தானே சரிபண்ண உட்காருகிறவர்களும் அப்படித்தான். தெரியாத மெயிலைத் திறக்காதே, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

வைரஸ் இருக்கும்போதே பேக்கப் டிஸ்க்கைச் சொருகுவது

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். வீட்டில் வைத்தே கல்யாண ஆல்பம் வேலை பார்க்கிறவர். யாரோ கொடுத்த கிராக் சாஃப்ட்வேரை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த பிரதியை, போட்டிருக்கிறார். போடும்போது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொன்னது, அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு பெட்டி வந்திருக்கிறது. அப்டேட்தானே என்று சாப்பிடப் போய்விட்டார். வந்து பார்த்தால் ஒவ்வொரு போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்தில் ஒரு வால். எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு மிரட்டல் கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490.

ஸ்டாப் டிஜேவியூ என்ற ரான்சம்வேரின், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸின், கைவரிசை இது. 2018 முதல் சுற்றுகிறது. பெரும்பாலும் கிராக், கீஜென் (திருட்டு லைசென்ஸ் எண் உருவாக்கும் புரோகிராம்) வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

அதுவரை போனது கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும்தான். கல்யாண ஃபைல்கள் முழுக்க ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. பதற்றத்தில் அண்ணாச்சி அதை எடுத்து அதே கம்ப்யூட்டரில் சொருகி, இதிலாவது இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இருந்தது. முதல் ஃபோல்டர் நன்றாகவே திறந்தது. நிம்மதியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணெதிரே அந்தப் பெயர்களுக்கும் வால் முளைக்க ஆரம்பித்தது. "பூராவும் போச்சு தம்பி. நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்" என்று கடை வாசலில் நின்று சொன்னார். எத்தனையோ பார்த்தாச்சு, இந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஃபைல்களைப் பூட்டியதோடு அந்த வைரஸ் போய்விடுவதில்லை. குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிந்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி எழுந்து, புதிதாக என்ன டிரைவ் வந்திருக்கிறது என்று பார்க்கிறது. பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ, எழுத முடிந்தால் அதற்குப் பூட்டத் தெரியும்.

இதெல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகும் கடையில் ஒரு பையன் வாடிக்கையாளரின் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "டேட்டா இருக்கான்னு மட்டும் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணே" என்கிறான். "ஏலே, முதல்ல கேபிளக் கழட்டு" என்று கத்த வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் நெட்டைத் துண்டியுங்கள், சொருகியிருப்பதையெல்லாம் கழற்றுங்கள். மிரட்டல் கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல், அந்த ஹார்ட் டிஸ்க்கையே கழற்றித் தனியாக வைத்துவிட்டு வேறு டிஸ்க்கில் விண்டோஸ் போடுவது உத்தமம். விண்டோஸ் போடும் பென் டிரைவைச் சுத்தமான வேறு கம்ப்யூட்டரில் தயார் செய்யுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். இந்த ரான்சம்வேரோடு பாஸ்வேர்டு திருடும் அசோரல்ட் சேர்ந்து வந்ததுண்டு. பேக்கப் டிஸ்க் வெளியே வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். அதையும் முதலில் இன்னொரு சுத்தமான கம்ப்யூட்டரில் சொருகி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியை வைத்து வேலை பாருங்கள்.

பூட்டிய ஃபைல்களை ஏன் வைத்திருக்கச் சொல்கிறேன் என்றால், சிலவற்றுக்கு வழி உண்டு. 2016-ல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் கடிதத்தையும் ஒரு ஃபைலையும் கொடுத்தால், எந்த ரகம், சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம். டிஜேவியூ கடிதத்தின் அடியில் உள்ள ஐடி, 't1' என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி, அதாவது பலருக்கும் பொதுவான சாவி. எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் கொடுத்த இலவசக் கருவியில் இன்றில்லாவிட்டாலும் என்றாவது திறக்க வாய்ப்புண்டு. தவிர, இது ஃபைலின் தொடக்கத்தில் சுமார் 150 கேபியைத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்கள் சிலவற்றைத் தேற்றலாம். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வீடியோ கிடைத்தது. போட்டோக்கள் கிடைக்கவில்லை.

அதே கிராக்கை மறுபடி போடுவது

சி டிரைவை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போடுகிறார்கள். அப்புறம் டி டிரைவில் கிடக்கும் அதே கிராக்கையும், விண்டோஸைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் ஆக்டிவேட்டரையும் ஓட்டுகிறார்கள். வீட்டைக் கழுவிவிட்டுத் திருடனுக்குச் சாவி கொடுப்பதுதான் இது. டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் எதையும் போடாதீர்கள்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலை மறப்பது

வைரஸ் போன பிறகும் ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி (etc) ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று இதில் எழுதிவைக்கலாம். நீங்கள் எழுதாத வரிகளில் அந்தத் தளங்களின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ்

வேண்டாம். ஒன்று போதும்.

ஜெராக்ஸ் கடை பென் டிரைவை அவசரப்பட்டு ஃபார்மட் செய்வது

இங்கே கல்லூரிகள் அதிகம். புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கப் போகும் பிள்ளைகள் பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸோடு திரும்புகிறார்கள். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்யாதீர்கள், வைரஸை எழுப்புவதே அதுதான். டிஃபெண்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தால்தான் தெரியும்.

ஸ்க்ரீனில் வரும் நம்பருக்குப் போன் போடுவது

உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பரைக் கூப்பிடு என்று மிரட்டும் பெட்டி வந்தால் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

டேட்டா தீருமென்று அப்டேட்டை நிறுத்துவது

2017 மே மாதம் உலகத்தைப் பதறவைத்த வானாக்ரை என்ற ரான்சம்வேருக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர் என்றால் அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். போட்டோக்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.