டெக்சாஸ் வெள்ளி ராத்திரி மேட்ச், கேஎல்ல சனிக்கிழமை காலை பார்பிகியூ: எப்படி ரெடி பண்றது

டெக்சாஸ்ல வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்கூல் பசங்க அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறாங்கன்னா ஊரே கெளம்பி போயிரும், ஆலன்ங்குற ஊர்ல ஒரு ஹைஸ்கூல் டீமுக்கு 18,000 சீட்ல ஸ்டேடியம் கட்டி வச்சிருக்காங்க. அங்க ராத்திரி 7 மணின்னா நம்ம கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, சனிக்கிழமை காலை 8. நமக்கு இது ரொம்ப வசதி, ஏன்னா அவங்க பார்பிகியூவுக்கு ஒரு முழு ராத்திரி வேணும்.

அங்க பிரிஸ்கெட்தான் ராஜா, மாட்டு நெஞ்சுக்கறி. நம்ம வீடுகள்ல நெறைய பேரு மாடு தொடமாட்டாங்க, அதனால எலும்போட லேம்ப் ஷோல்டர், அதாவது செம்மறி ஆட்டுக்குட்டி தோள்கறி, ரெண்டரை கிலோ வாங்குங்க, ஆஸ்திரேலியா ஃப்ரோசன் போதும். நாட்டு ஆடு வேணாம், கொழுப்பு கம்மி, காஞ்சு போயிரும். டெக்சாஸ்லயும் பிரேடிங்குற ஊர்ல வருஷா வருஷம் வெள்ளாட்டுக்கறி பார்பிகியூ போட்டி நடக்குது, அதனால இது ஒண்ணும் டூப்ளிகேட் இல்ல.

மசாலா பொடி எதுவும் போடாதீங்க ப்ளீஸ். கல்லுப்பு இடிச்சது ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஒண்ணு ரெண்டா உடைச்ச சரவாக் மிளகு அதே அளவு, வெள்ளி காலையிலயே தடவி ஃபிரிட்ஜ்ல திறந்தபடி வச்சிருங்க.

ராத்திரி 11 மணிக்கு மூடி வச்ச கெட்டில் அடுப்புல (உருண்டையா மூடியோட வர்ற பார்பிகியூ அடுப்பு) கரிய ஒரு பக்கம் மட்டும் போட்டு, மேல காஞ்ச ரம்புத்தான் கட்டை ஒண்ணு ரெண்டு, கறி அடுத்த பக்கம், அதுக்கு கீழ ஒரு தட்டு தண்ணி. சூடு 120 டிகிரி செல்சியஸ்லயே நிக்கணும், காத்து வர்ற ஓட்டைய கொஞ்சம் கொஞ்சமா மூடித்தான் பிடிக்கணும், சும்மா சும்மா மூடிய தொறக்காதீங்க. புகை மெல்லிசா நீலமா வரணும், வெள்ளையா குப்புன்னு வந்தா கறி கசக்கும். வெட்டவெளியில வைங்க, மூடுன போர்ச்ல கரிப்புகை உயிருக்கே ஆபத்து, பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் துணிய எடுத்துக்க சொல்லிருங்க.

மூணு நாலு மணி நேரத்துல கறிக்குள்ள சூடு 70 கிட்ட வந்து ஏறாம அப்படியே நிக்கும். எல்லாரும் பயந்து கரிய அள்ளி போடுறது இங்கதான், போடாதீங்க லா. கறியோட ஈரம் மேல வந்து ஆவியாகுறப்ப அதுவே கறிய குளிர வைக்குது, அவ்ளோதான். மேல கருப்பா தோல் கட்டியிருந்தா அலுமினியம் ஃபாயில்ல இறுக்கி சுத்தி திரும்ப வைங்க, ஏற ஆரம்பிச்சிரும். 95 வந்ததும் எலும்ப பிடிச்சு திருகி பாருங்க, கழண்டு வந்தா முடிஞ்சுது. டவல்ல சுத்தி காலி ஐஸ் பெட்டியில ஒரு மணி நேரம்.

வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய், தே தாரிக் (நம்ம ஊரு ஆத்துன பால் டீ). எந்த மேட்ச் ஸ்ட்ரீம் ஆகுதுன்னு முதல் நாளே பாத்து வைங்க. நாலு குவார்ட்டர், ஒவ்வொண்ணும் 12 நிமிஷம், நாலு சான்ஸ்ல 10 யார்டு போகணும், பந்த எதிர் டீமோட கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டு போனா டச்டவுன், அதுக்கு 6 பாயிண்ட், வீட்டு பெருசுங்களுக்கு இவ்ளோ சொன்னா போதும், ஆஃப் டைம்ல வர்ற மார்ச்சிங் பேண்ட மட்டும் யாரும் எந்திரிச்சு போகாம பாக்க வைங்க.

நவம்பர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்த மாத்துவாங்க, அதுக்கப்புறம் மேட்ச் நமக்கு 9 மணிக்கு, அடுப்பையும் 12க்கு பத்த வச்சா போதும்.