இறால் தசையின் ட்ரோபோமையோசின்: பென்சிலும் தாளும் வைத்து ஒரு புரதத்தைப் படிப்பது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. நண்டோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவருக்கு, சதையைக் கொடுக்காமல் ரசத்தை மட்டும் ஊற்றினால் போதும், நன்றாகக் கொதித்ததுதானே என்பார்கள். அது ஆபத்து. ஏன் ஆபத்து என்பது ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தில் இருக்கிறது. பள்ளி உயிரியல் தெரிந்தால் போதும், அந்த வடிவத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

புரதத்தின் பெயர் ட்ரோபோமையோசின். தசை சுருங்கும்போது வேலை செய்கிற புரதங்களில் ஒன்று. கென்னத் பெய்லி 1946ல் இதைப் பிரித்தெடுத்தார். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று 1993ல் தெரிந்தது. அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நம் கடலில் கிடைக்கும் வெள்ளை இறால்.

முதல் படி: வரிசையை எடுப்பது

புரதங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிப்ராட் என்ற இலவசத் தளத்துக்குப் போய், ட்ரோபோமையோசின், பீனியஸ் மோனோடான் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பீனியஸ் மோனோடான் என்பது தொண்டியிலிருந்து காரைக்குடிச் சந்தைக்கு வரும் டைகர் இறால். பக்கத்தின் கீழே 284 எழுத்துகள் கொண்ட வரிசை இருக்கும். ஓர் எழுத்து என்பது ஓர் அமினோ அமிலம்.

இரண்டாம் படி: ஏழு ஏழாக எழுதுவது

இதில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்குதான் இருக்கிறது. வரிசையின் முதல் 28 அமிலங்களை வரிக்கு ஏழாக எழுதுங்கள். பெயர்ச்சுருக்கமாக நான் எழுதியது இது:

மெத்தி – ஆஸ்பா – அலா – ஐசோ – லைசி – லைசி – லைசி
மெத்தி – குளூட்டன் – அலா – மெத்தி – லைசி – லூசி – குளூட்டா
லைசி – ஆஸ்பா – ஆஸ்பன் – அலா – மெத்தி – ஆஸ்பா – ஆர்ஜி
அலா – ஆஸ்பா – த்ரியோ – லூசி – குளூட்டா – குளூட்டன் – குளூட்டன்

(ஆஸ்பா என்பது ஆஸ்பார்டிக் அமிலம், ஆஸ்பன் அதன் உறவான ஆஸ்பரஜின். குளூட்டாவும் குளூட்டனும் அதே மாதிரி, குளூட்டாமிக் அமிலமும் குளூட்டமினும். லைசி லைசின், ஆர்ஜி ஆர்ஜினின், த்ரியோ த்ரியோனின்.)

மெத்தியோனின், அலனின், ஐசோலூசின், லூசின் நான்கும் தண்ணீரோடு ஒட்டாதவை. இவற்றை வட்டமிடுங்கள். இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். நான்காம் பத்தியில் நான்குமே வட்டம். முதல் பத்தியில் ஒரு லைசினைத் தவிர மற்ற மூன்றும் வட்டம். வேறு பத்திகளில் ஆங்காங்கே சில வட்டங்கள் விழுந்தாலும், மின்னூட்டம் உள்ளவை, தண்ணீரோடு சேர்பவைதான் அங்கே அதிகம்.

இந்தப் புரதம் ஸ்பிரிங் போல ஒரே சுருளாக ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 3.6 அமிலம் என்பதால், ஏழு அமிலம் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. அதனால் முதல் இடமும் நான்காம் இடமும் சுருளின் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. அந்தப் பக்கம் தண்ணீரைத் தவிர்க்க இன்னொரு சுருளின் அதே பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் இரட்டைப் புரிக் கயிறாக முறுக்கிக்கொள்கின்றன. 1953ல் பிரான்சிஸ் கிரிக் விளக்கியது இந்த அமைப்பைத்தான். ஏழின் ஒழுங்கு கடைசி வரை அறுபடவே இல்லை. 40 முழு வரி, மிச்சம் நான்கு அமிலம். இவ்வளவு எளிய இலக்கணத்தில் ஒரு புரதம் அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மூன்றாம் படி: நீளம்

சுருளில் ஓர் அமிலத்துக்கு சுமார் 0.15 நானோமீட்டர் உயரம். 284ஆல் பெருக்கினால் 42.6 வரும். அடுத்தடுத்த மூலக்கூறுகளின் நுனிகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், தசையில் ஒன்றின் பங்கு சுமார் 40 நானோமீட்டர். அது ஏழு ஆக்டின் மூலக்கூறுகளின் மேல் படுத்திருக்கும் நீளம். (ஆக்டின் என்பது தசையின் மெல்லிய இழையைக் கட்டும் புரதம்.)

படுத்து என்ன செய்கிறது? தசை ஓய்வில் இருக்கும்போது, ஆக்டினைப் பிடித்து இழுக்கும் புரதமான மையோசின் வந்து பிடிக்க வேண்டிய இடங்களை மறைக்கிறது. கால்சியம் வந்து, அதோடு ஒட்டியிருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் சேர்ந்ததும் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுகிறது. மையோசின் பிடித்து இழுக்கிறது, இறால் வாலைச் சுண்டுகிறது. (மட்டி, சிப்பி வகைகளில் கதை வேறு. அங்கே கால்சியம் மையோசினிலேயே போய் ஒட்டிச் சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும்.)

படமாகப் பார்க்க, அதே யூனிப்ராட் பக்கத்தில் ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியை (வரிசையை வைத்துக் கணினி கணித்த வடிவம்) திறந்து சுழற்றுங்கள். தெரிவது ஒற்றைச் சுருள்தான். ஜோடியை நீங்கள் மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: நம் தசையோடு ஒப்பிடுவது

மனிதத் தசையின் ஆல்ஃபா ட்ரோபோமையோசினும் 284 அமிலம்தான். முதல் வரி அப்படியே இறாலுடையது. அடுத்த மூன்று வரிகள்:

மெத்தி – குளூட்டன் – மெத்தி – லூசி – லைசி – லூசி – ஆஸ்பா
லைசி – குளூட்டா – ஆஸ்பன் – அலா – லூசி – ஆஸ்பா – ஆர்ஜி
அலா – குளூட்டா – குளூட்டன் – அலா – குளூட்டா – அலா – ஆஸ்பா

இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து எண்ணுங்கள். 28ல் 18 ஒன்றாக இருக்கும். முதல், நான்காம் பத்திகளில் அமிலம் மாறிய இடத்திலும் தண்ணீரோடு ஒட்டாத இன்னொன்றே வந்திருக்கிறது. கயிறு கெடவில்லை. ஆடு, கோழி ட்ரோபோமையோசின் நம்முடையதை மிக நெருங்கியது, அதனால் பெரும்பாலும் உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒவ்வாமை உள்ளவரின் எதிர்ப்புப்பொருள்கள் (உடல் அந்நியப் பொருளைப் பிடிக்க உருவாக்கும் புரதங்கள்) பிடிப்பது இறால், நண்டு போன்றவற்றில் உள்ள, நம்முடையதிலிருந்து வேறுபட்ட சில பகுதிகளை. அவை கயிற்றின் நீளம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

சரி, ரசத்துக்கு வருவோம். இறாலைக் கொதிக்கவைத்தால் பல புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகும். ட்ரோபோமையோசினிடம் குலைவதற்குச் சிக்கலான மடிப்பு எதுவும் இல்லை. சூட்டில் இரண்டு சுருளும் பிரியும், ஆறியதும் மறுபடி முறுக்கிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்தே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்தெடுக்கவே கொதிக்கவைப்பது ஒரு வழி. ஆக, நண்டு ரசத்திலும் இறால் வேகவைத்த நீரிலும் அது இருக்கிறது, வடிகட்டினாலும் போகாது.

வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வையுங்கள். இறால் பொரித்த எண்ணெயில் அவருக்கு அப்பளம் பொரிக்காதீர்கள். சென்னாக்குனி (பொடி இறால்) பொடி போட்ட துவையலும் வேண்டாம். சாப்பிட்டபின் உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ கைவைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.