இருபது குரல், நான்கு வரி: தமிழில் பாடும் கொயரை வளர்ப்பது எப்படி

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் கிறிஸ்தவச் சபையின் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நான் 22 வருடமாக நடத்தி வருகிறேன். அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல். கையில் கிரீஸ் வாசம் போகும் முன்பே பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். அந்த ரயில்வே வளாகத்தின் பழைய கட்டடம் ஒன்றுதான் 2005-இல் கேஎல்பேக் என்ற நிகழ்த்துகலை அரங்கமானது. அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பாவின் கீழ்ஸ்தாயிக் குரல் என் காதில் கேட்கும்.

கிள்ளானிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் சிலர் அழைத்து, “எங்கள் சபையிலும் நான்கு குரலில் பாட வேண்டும், எங்கே ஆரம்பிப்பது அக்கா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேற்கத்திய கொயர் முறையைச் சொல்லித்தரப் புத்தகங்களும் காணொளிகளும் நிறைய உண்டு. தமிழை நான்கு குரலில் பாடும்போது வரும் சிக்கலைத்தான் எவரும் சொல்வதில்லை. அதற்கான மருந்து நாம் தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணத்திலேயே இருக்கிறது.

முதலில் ஆட்கள். நான்கு குரல் என்றால் பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். இருபது பேர் போதும். பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒரு குரலுக்கு மூவர் கிடைப்பார்கள், அதற்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே வரி சாய்ந்துவிடும். குரலைப் பிரிக்கும்போது எவ்வளவு உயரம் எட்டுகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் களைப்பில்லாமல் பத்து நிமிடம் பாடுகிறார் என்று பாருங்கள். உயரம் தொடும் பெண்கள் எல்லாரும் சோப்ரானோ அல்ல. ஐம்பதைத் தாண்டிய பிறகு பல பெண்களுக்குக் குரல் இறங்கும். அதைக் குறையாக நினைத்து அவர்கள் ஒதுங்கும் முன்பே நீங்கள் ஆல்டோவுக்கு அழைத்துவிடுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். சத்தமில்லாமல், வசதியான நாலைந்து சுரங்களுக்குள் பாடச் சொன்னால் போதும். அந்த ஒரு வருடம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன் திரும்பி வருவதே இல்லை.

உட்கார வைப்பதில் ஒரு விஷயம். தடுமாறுகிறவரை நன்றாகப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நான் முன்னால் வைப்பேன். பின்னாலிருந்து வரும் சரியான சுரம் நேராகக் காதில் விழும், அவரும் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று தைரியமாகப் பாடுவார்.

அப்புறம் படிப்பு. எங்கள் குழுவில் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறியீடு, படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர், கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் நால்வர், மற்றவர்கள் காதால் பிடிப்பவர்கள். அப்பா காலத்துப் புத்தகங்கள் டானிக் சால்ஃபாவில் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது, ஐந்து கோடு தெரியாதவர்களுக்கும் தோ ரே மீ எழுத்துகளை வைத்துப் பாடக் கற்றுத்தந்தது. நம் ச ரி க ம போலவே அதிலும் தோ எந்தச் சுருதிக்கும் நகரும், அதனால் சங்கீதம் தெரிந்தவர்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரண ராகம் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மைனர் ஸ்கேல், அதாவது நம் நடபைரவி, வரும்போது கவனம் வேண்டும். சால்ஃபாவில் மைனர் பாட்டு ‘லா’வில் நிற்கும், நம்மவர்களுக்கோ நிற்கும் இடம்தான் ‘ச’. இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்தால் நடபைரவியில் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள். நான் அன்றைக்கு எழுத்தையே விட்டுவிட்டு வாயால் சொல்லித்தருவேன்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளிடம் இன்னொன்றையும் முதல் நாளே சொல்லுங்கள். மேற்கத்திய மெட்டில் நான்கு குரலில் பாடும் துதிப்பாட்டான பாமாலையில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வேண்டாம். ஆல்டோ ஒரு காந்தாரத்தை அசைத்தால் மற்ற மூன்று குரலும் சேர்ந்து கட்டிய கோர்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு, கலங்கிவிடும். அதேபோல் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மாதிரியானவர்கள் ராகத்தில் இயற்றிய கீர்த்தனைகளுக்கு நான்கு குரல் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர் அவர், மிஷனரி சுவார்ட்ஸிடம் படித்தவர். மேற்கத்திய இசை அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் கீர்த்தனையை ராகத்தில்தான் பாடினார். அதை அனைவரும் ஒரே குரலில், தம்புராச் சுருதியோடு, கமகத்தோடு பாடுங்கள். எங்கள் ஆராதனையில் ஒரு கீர்த்தனையும் ஒரு பாமாலையும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே குழுவே வேறு குழுவாக மாறும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

பாமாலைகளின் மெட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது, சொல் பிறகு பொருத்தப்பட்டது. அதனால் குறில் எழுத்தின் மேல் நீளமான சுரம் வந்து உட்கார்ந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக்கால ஆராதனைக்கு ஒரு பாட்டைப் பழகினோம். ‘வரும்’ என்ற சொல்லில் ‘வ’வுக்கு இரண்டு தட்டு. இருபது பேரும் அழகாக ‘வாரும்’ என்று பாடினார்கள். ‘வரும்’ என்றால் வரப்போகிறது, ‘வாரும்’ என்றால் வந்தருளும் என்ற வேண்டுதல். வாக்குறுதி மன்றாட்டாகிவிட்டது. பரம் பாரமாவதும் இப்படித்தான். மேலோகம் சுமையாகிவிடும், கேட்கிறவர்களுக்கு ஏன் என்று புரியாது, மனம் மட்டும் ஒட்டாது.

இப்படிச் செய்யுங்கள். குறிலுக்கு அரைத் தட்டு மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த எழுத்துக்கு நகருங்கள். அதுவும் குறிலாக இருந்தால் அதற்கடுத்த மெய்யில் நில்லுங்கள். ‘வ’ அரைத் தட்டு, ‘ரு’ அரைத் தட்டு, மீதி ஒரு தட்டு ‘ம்’. உதட்டை மூடி முனகுவது போல ஒலிக்கும். அன்றைக்கு இதைச் செய்தபோது பேஸில் இருக்கும் லாரி ஓட்டுநர் அங்கிள் ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டு, “இப்பத்தான் தமிழா இருக்கு” என்றார்.

எல்லா மெய்யிலும் இப்படி நிற்க முடியாது. எதில் நிற்கலாம் என்பதற்கு மூன்றாம் வகுப்பு இலக்கணம் போதும். மெல்லினத்தில் நிற்கலாம், ம், ன், ண், ங் எல்லாமே ஒலித்துக்கொண்டே இருக்கும். இடையினத்தில் ல், ள், ழ் கொஞ்சம் நிற்கும். வல்லினத்தில் நிற்கவே முடியாது, அது அடைப்பு. ‘எப்போதும்’ என்ற சொல்லில் ‘ப்’ என்பது ஒரு மௌனம். அந்த மௌனம் தட்டுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும், ‘போ’ தட்டின் மேல் வெடிக்க வேண்டும். இருபது உதடுகளும் ஒரே நேரத்தில் மூடுகின்றனவா என்று பாட்டில்லாமல், வெறும் சொல்லாக, கைதட்டிப் பழகுங்கள். ஐந்து நிமிடம் போதும், வித்தியாசம் அன்றே கேட்கும்.

அடுத்தது குற்றியலுகரம். ‘எனக்கு’, ‘பாட்டு’ போன்ற சொற்களின் கடைசி உகரத்தைப் பேசும்போது நாம் உதட்டைக் குவிப்பதில்லை. அதே சொல் வரியின் கடைசியில் நான்கு தட்டுக்கு நீண்டால், ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உதட்டைக் குவித்து ‘எனக்கூ’ என்று இழுப்பார்கள். உதட்டைப் பக்கவாட்டில் லேசாக விரித்து, பேசுவது போலவே பாடச் சொல்லுங்கள். கேட்க மெல்லியதாக இருக்கும், பயப்பட வேண்டாம். ‘ழ’ வரும் இடத்தில் அதற்கு முந்தைய உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் மட்டும் நாக்கை வளையுங்கள். முதலிலேயே வளைத்தால் ஒலி தொண்டைக்குள் போய்விடும்.

சுருதி இறங்குவது எல்லாக் குழுவுக்கும் வரும் நோய். ஒரு பெரிய வெள்ளி ஆராதனையில் பக்கவாத்தியமில்லாமல் நான்கு சரணம் பாடினோம். கடைசிச் சரணத்தில் ஆர்கன் சேர வேண்டும். சேர்ந்தபோது நாங்கள் அரைச் சுரம் கீழே இருந்தோம். சபையே மௌனமாக இருந்த அந்த நாளில் அந்த ஒலி இன்றும் எனக்கு வலிக்கிறது. மறுவாரம் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்த இடங்களில், ஒவ்வொரு முறையும் துளித்துளியாக இறங்கியிருந்தோம். அது முதல், திரும்ப வரும் சுரத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே நினைத்துப் பாடச் சொல்கிறேன். அப்படியும் இறங்கினால் பாட்டையே அரைச் சுரம் ஏற்றி ஆரம்பித்துப் பாருங்கள். பல நேரம் அது மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது.

மூச்சைச் சொற்களின் இடைவெளியில் எல்லாரும் சேர்ந்து எடுத்தால் வரி அங்கே அறுந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது, நீண்ட உயிரெழுத்தின் நடுவில் எடுங்கள், சத்தமில்லாமல் திரும்பச் சேருங்கள். இதற்குப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்துவிட்டால் கொயரில் பாதி கற்றுக்கொண்ட மாதிரிதான்.

பயிற்சிக்கு நாங்கள் வியாழன் இரவு 8 மணிக்குக் கூடுகிறோம். மழையும் ஜாலான் ஈப்போ நெரிசலும் சேர்ந்தால் பலர் வந்து சேர 8.20 ஆகும். வந்தவர்களோடு சரியான நேரத்தில் ஆரம்பித்துவிடுவேன், காத்திருந்தால் அடுத்த வாரம் 8.40 ஆகிவிடும். ஏர்கோனை நிறுத்தி ஃபேன் மட்டும் போடுங்கள், வறண்ட குளிரில் தொண்டை சீக்கிரம் களைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். குழுவில் நர்ஸ் வேலை முடிந்து நேராக வருகிறவர்களும் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்ஆப்பை நன்றாகப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனி குரூப், தனி ஒலிப்பதிவு, இரண்டு நிமிடத்துக்குள். பியானோவில் வாசித்து அனுப்பாதீர்கள், சொல்லோடு பாடி அனுப்புங்கள். ஆண்களின் வரியை ஓர் ஆணே பாடி அனுப்ப வேண்டும். நான் பாடி அனுப்பிய காலத்தில் டெனர்கள் என் ஸ்தாயியைத் தேடித் தொண்டையைக் கிழித்துக்கொண்டார்கள்.

வருடத்தில் ஒரு முறையாவது குழுவை நல்ல கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். கேஎல்சிசியில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் 1998-இல் திறக்கப்பட்டது, மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இல்லம் அது. கொயர் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி வந்தால் விடாதீர்கள். இசையை நடத்தும் கண்டக்டரின் கையைப் பார்க்க வேண்டாம், பாடத் தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஆல்டோ தங்கச்சி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் மூச்சையே கவனிக்க ஆரம்பித்தாள், அவளோடு சேர்ந்து ஆல்டோ முழுவதும் ஒன்றாக நுழைந்தது.

பிள்ளைகளில் ஒருவர் இதையே தொழிலாக எடுக்க விரும்பினால் ஊக்கப்படுத்துங்கள், உண்மையையும் சொல்லுங்கள். பாடுவதை மட்டும் நம்பி இங்கே மாதச் செலவைச் சமாளிப்பது கடினம். பாடம் சொல்லித்தருவதும் திருமணங்களில் பாடுவதும் சேர வேண்டியிருக்கும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுகளை நிறையப் பேர் எழுதுகிறார்கள். 6-ஆம் கிரேடும் அதற்கு மேலும் எழுத, பொதுவாக 5-ஆம் கிரேடு தியரி வேண்டும், அதைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரமே முடிக்கச் சொல்லுங்கள். தமிழ் உச்சரிப்பையும் விடக் கூடாது.

ஞாயிறு காலை ஆராதனை 9 மணிக்கு என்றால் 8 மணிக்குக் கூடுங்கள். பதினைந்து நிமிடம் முனகலும் உதட்டை அதிரவிடும் ‘பிர்ர்’ பயிற்சியும். பாட்டு முழுவதையும் திரும்பப் பாடாதீர்கள், குரல் அங்கேயே செலவாகிவிடும். முதல் வரியை ஒரு முறை, கடைசி வரியை ஒரு முறை, கடைசி ‘ம்’மில் எல்லா உதடும் சேர்ந்து மூடுகிறதா என்று ஒரு முறை. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.