பழைய பிக்கப்புல ஹீட்டர், காத்து லீவர் மக்கர் பண்ணுதா? டேஷ்போர்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

கடலூர் வெயில்ல ஹீட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் கம்ப்ளெயின்ட்டே வேற, சூடு வரலங்கறது இல்ல, சூடு நிக்க மாட்டேங்குது, சித்திரை மாசம் பண்ருட்டில பலா லோடு ஏத்திட்டு வரும்போது காலுக்கிட்ட அடுப்பு மாதிரி காத்து அடிக்கும். ஐப்பசி கார்த்திகைல நேர்மாறு, கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியாது, அப்பதான் அந்த லீவர் எதுக்கு இருக்குன்னு புரியும்.

என்கிட்ட இருக்கறது பழைய டீசல் பிக்கப், எல்லாமே கேபிள் லீவர்தான். ஒரு மெக்கானிக் வந்தவுடனே டேஷ்போர்டு மொத்தத்தையும் எறக்கணும்னு சொன்னாரு. கடைசில பாத்தா கேபிள் முனைல இருக்கற சின்ன கிளிப்பு கழண்டிருந்துச்சு, அவ்வளவுதான். அதனாலதான் இத உக்காந்து டைப் பண்றேன்.

மொதல்ல எது கெட்டிருக்குன்னு பிரிச்சுக்கங்க. காத்தே வரலன்னா அது கரண்டு சமாச்சாரம். காத்து வருது ஆனா சூடு மாறலன்னா சுடுதண்ணி ஓட்டத்துலயோ கேபிள்லயோ கோளாறு. காத்து வருது ஆனா காலுக்கு வெச்சா மூஞ்சிக்கு வருதுன்னா கேபிளும், உள்ள காத்த திருப்பி விடற மூடி, அதாவது ஃப்ளாப்பும்தான், வேற எங்கயும் தேடாதீங்க.

காத்து வரலன்னா ஃப்யூஸ பாருங்க. போயிருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க, சிகரெட் பேப்பர் சுத்தறது, பெரிய ஆம்பியர் போடறது எல்லாம் வேண்டவே வேண்டாம், ஒயர் எரிஞ்சா வண்டியே போயிடும். ஃப்யூஸ் நல்லா இருந்தா ப்ளோவர் (காத்து அடிக்கற ஃபேன் மோட்டார்) கனெக்டர கழட்டி, சுவிட்ச ஃபுல் ஸ்பீடுல வெச்சு டெஸ்ட் லைட் போட்டுப் பாருங்க. கரண்டு வந்தும் மோட்டார் சுத்தலன்னா மோட்டாரோ, எர்த்தோ (மோட்டார்லேர்ந்து வண்டி பாடிக்குப் போற கனெக்ஷன்) போச்சு. முதுநகர் ஹார்பர் பக்கமே ஓடற வண்டின்னா எர்த் போல்ட்ட கட்டாயம் கழட்டிப் பாருங்க, உப்புக் காத்துல துருவும் பச்சையும் புடிச்சிருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்குனாலே பாதி வண்டி சரியாயிடும்.

ஒண்ணு ரெண்டு ஸ்பீடு வேலை செய்யல, ஃபுல்ல வெச்சா மட்டும் சுத்துதுன்னா யோசிக்கவே வேணாம், ஸ்பீட கொறைக்கற ரெசிஸ்டர் எரிஞ்சிருக்கு. ஃபுல் ஸ்பீடுல கரண்டு ரெசிஸ்டர் வழியா போகாது, நேரா மோட்டாருக்குப் போயிடும், அதனாலதான் அது மட்டும் ஓடுது. ரெசிஸ்டர் காத்து போற பைப்புக்குள்ளயே இருக்கும், அந்தக் காத்துதான் அத ஆத்தணும். புதுசு போட்டு கொஞ்ச நாள்ல திரும்ப எரிஞ்சா மோட்டார் இறுகிப்போய் அதிகமா கரண்டு இழுக்குதுன்னு அர்த்தம், வேப்பஞ்சருகு அடைச்சு காத்து கம்மியா வந்தாலும் எரியும். கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் கிட்ட இருக்கற ஜாலிய சுத்தம் பண்ணுங்க, வீட்டு வாசல்ல மரத்தடில நிக்கற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்ப சூடு. பேனட்ட தூக்குனா இன்ஜின்லேர்ந்து கேபினுக்குள்ள போற ரெண்டு ஹோஸ் தெரியும். வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, இன்ஜின ஆஃப் பண்ணி, லீவர ஹாட்ல வெச்சு ரெண்டையும் லேசா தொட்டுப் பாருங்க, சுடும், பாத்து. ரெண்டும் சூடா இருந்தா தண்ணி ஒழுங்கா ஓடுது. ஒண்ணு சுட்டு ஒண்ணு ஆறிப்போய் இருந்தா ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர்) அடைச்சிருக்கு, இல்ல அதுக்குத் தண்ணி விடற டேப் தொறக்கல. ரெண்டுமே வெதுவெதுன்னுதான் இருக்குன்னா கூலன்ட் (இன்ஜின ஆத்தற தண்ணி) கம்மியா இருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடேறுனா ரேடியேட்டருக்குத் தண்ணிய விடற வால்வு) தொறந்தபடியே மாட்டியிருக்கலாம், மீட்டர் முள்ளும் ஏறாம கீழயே நிக்கும். கூலன்ட் பாக்கறேன்னு சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறந்துடாதீங்க.

லீவர கூல்ல வெச்சும் சூடு வருதுன்னா, உங்க வண்டில வாட்டர் டேப் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒருத்தர லீவர ஆட்டச் சொல்லிட்டு நீங்க டேப்பப் பாருங்க, கேபிள் வந்தும் டேப் கைப்பிடி கடைசி வரைக்கும் மூடலன்னா கேபிள் கிளாம்ப லூஸ் பண்ணி கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க, முழுசா மூடுனதுக்கு அப்புறமும் சூடு வந்தா டேப்ப மாத்திடுங்க. டேப்பே இல்லாத மாடல்ல ஹோஸ் எப்பவும் சூடாத்தான் இருக்கும், அது ரிப்பேர் இல்ல, உள்ள ஃப்ளாப் மூடலன்னு அர்த்தம், கேபிள் முனையும் ஃப்ளாப் ஓரத்துல இருக்கற ஸ்பாஞ்சும்தான் பாக்கணும்.

ஆவிக்கு ஒரு விஷயம். மொதல்ல கண்ணாடிய விரலால தேச்சு ஆவி உள்பக்கமா வெளிப்பக்கமான்னு பாருங்க. ஏசி போட்டு கண்ணாடி ஜில்லுன்னு ஆகி வெளிய படிஞ்சா வைப்பர் போட்டாலே போயிடும், ஏசி காத்த கண்ணாடில அடிக்காம திருப்பி விடுங்க. உள்ளன்னா வெளிக்காத்து லீவர தொறந்து, சூட்ட ஏத்தி, கண்ணாடிக்கு விடுங்க, ஏசி இருந்தா அதையும் சேத்துப் போடுங்க.

எவ்வளவு தொடச்சாலும் எண்ணெய் மாதிரி படலம் வருது, இனிப்பா ஒரு வாடை அடிக்குது, கால்மிதிக்குக் கீழ ஈரம்னா ஹீட்டர் கோர் ஒழுகுது, கூலன்ட் கொறஞ்சு இன்ஜின் சூடேறும், தள்ளிப்போடாதீங்க. அவசரத்துக்கு ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு கோர ஒதுக்கிடலாம், கோடைக்கு அது தாங்கும், ஆனா கண்ணாடிக்கு சூடு கெடைக்காது, ஐப்பசி பொறக்கறதுக்குள்ள கோர மாத்திடுங்க.