தையல் லைனில் இன்சென்டிவ்: 20 பேர் யூனிட்டுக்கு ஒரு நேர்க்கணக்கு

திருப்பூரில் ஷிப்ட் சம்பளத்துக்கு ஓடும் சின்ன பனியன் யூனிட்டில், "எத்தனை பீஸ் தைத்தாலும் அதே சம்பளம்தானே" என்ற எண்ணம் வந்துவிட்டால், சத்தம் போட்டு புரொடக்ஷனை ஏற்ற முடியாது. கூடுதலாக வரும் பீஸில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். அந்தக் கணக்கை அவரே போட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும்.

1. நேரம் எடுங்கள்

ஷோல்டர் ஜாயின்ட், நெக் ரிப், கை, சைடு, பாட்டம் என்று ஒவ்வொரு வேலைக்கும் 10 பீஸ் தைக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்துச் சராசரி போடுங்கள். நூல் அறுந்த பீஸை விட்டுவிடுங்கள். ஓய்வுக்கும் சின்னச் சின்னத் தடைகளுக்குமாகச் சராசரியோடு 15% சேருங்கள். 24 நொடி என்றால் 27.6 நொடி. லைனிலேயே வேகமானவரை வைத்து நேரம் எடுத்தால் மற்ற யாருக்கும் அந்த டார்கெட் எட்டாது. நடுத்தர வேகக்காரரை எடுங்கள். எதற்காக எடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பின்னால் போய் நின்றால் கை தானாக மெதுவாகும்.

கைமடிப்பவர் (டெய்லருக்குப் பீஸை எடுத்து மடித்துக் கொடுக்கும் உதவியாளர்) வேலையையும் சேர்த்து ஒரு ரவுண்ட் நெக் டீசர்ட்டுக்கு 8 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

2. இப்போதைய நிலையைப் பாருங்கள்

20 பேர் × 480 நிமிடம் = 9,600 நிமிடம். ஒரு நாளில் 600 பீஸ் வந்தால் 600 × 8 = 4,800. அதாவது மொத்த நிமிடத்தில் 50%. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் இதைக் குறித்து வாருங்கள். ஒரு நல்ல நாளை மட்டும் வைத்து டார்கெட் போடாதீர்கள்.

3. பங்கைப் பிரியுங்கள்

ஆளுக்குச் சராசரி 500 ரூபாய் என்றால் நாள் கூலி 10,000. 600 பீஸில் பீஸுக்கு 16.67 ரூபாய் விழுகிறது. அதே கூலியில் 720 பீஸ் (60%) வந்தால் 2,000 ரூபாய் மிச்சம். அதில் பாதியைப் பிரித்தால் ஆளுக்கு 50 ரூபாய். இதே கணக்கில் 660 பீஸுக்கு (55%) 25, 780-க்கு (65%) 75. இவை படிகள்: 55%-க்குக் கீழே ஒன்றுமில்லை, இரண்டு படிக்கு நடுவில் நின்றால் கீழ்ப்படியின் தொகை.

பணத்தை லைன் மொத்தத்துக்கும் சமமாகக் கொடுங்கள். ஓவர்லாக் (துணியை இணைத்துத் தைக்கும் மெஷின்) டெய்லருக்கு மட்டும் கொடுத்தால் அவர் அடித்துத் தள்ளுவார், அடுத்து ஓரம் மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷின் முன்னால் பண்டில் மலையாகக் குவியும், முடிந்த பீஸ் கூடாது. கைமடிப்பவரை விட்டுவிட்டால் அடுத்த வாரமே அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

செக்கிங்கில் பாஸான பீஸ் மட்டுமே கணக்கு. ஆல்ட்ரேஷன் பீஸ் சரியாகித் திரும்பி வரும் நாளில் சேரட்டும்.

4. காத்திருந்த நேரத்தைக் கழியுங்கள்

பெரும்பாலான இன்சென்டிவ் திட்டங்கள் கெடுவது இங்கேதான். கட்டிங் வரவில்லை, 20 பேரும் 45 நிமிடம் சும்மா உட்கார்ந்தார்கள். 900 நிமிடம் போயிற்று. அன்று 630 பீஸ் வந்தால், கழிக்காமல் போட்டால் 52.5%, யாருக்கும் ஒன்றுமில்லை. கழித்தால் 5,040 ÷ 8,700, கிட்டத்தட்ட 58%. ஆளுக்கு 25 ரூபாய். அவர்கள் தவறல்லாததற்கு அவர்கள் பணத்தைப் பிடிக்காதீர்கள். கரண்ட் கட், நூல் வராதது, மெஷின் ரிப்பேர் எல்லாமே இப்படித்தான். லீவு போட்டவரின் 480 நிமிடத்தையும் கழித்துவிடுங்கள்.

5. போர்டும் கவரும்

மணிக்கு ஒருமுறை பீஸ் எண்ணிக்கையைப் போர்டில் எழுதுங்கள். எந்த மணியில் விழுந்தது என்று தெரிந்தால் காரணத்தை அப்போதே பிடிக்கலாம். சனிக்கிழமை சம்பளக் கவரில் இன்சென்டிவை நாள்வாரியாகத் தனி வரியில் எழுதிக் கொடுங்கள். ஓவர்டைமுக்குரிய இரட்டிப்புச் சம்பளம் வேறு. இதை அதில் கழிக்கக் கூடாது.

780 தொட்டுவிட்டார்கள் என்று டார்கெட்டை ஏற்றாதீர்கள். ஒருமுறை ஏற்றினால், அடுத்த முறை 660-லேயே நின்றுகொள்வார்கள். மெஷினோ தைக்கும் முறையோ மாறினால் மட்டும், அவர்கள் எதிரிலேயே மறுபடி நேரம் எடுங்கள். புது ஸ்டைல் ஏறும்போது முதல் நாள் 35%, இரண்டாம் நாள் 45% வந்தாலே 25 ரூபாய் கொடுத்துவிடுங்கள். கை பழகியதும் மூன்றாம் நாளிலிருந்து வழக்கமான கணக்கு.